காளியண்ணன் ஓட்டிய புல்லுவண்டி

வண்டியில் பழுது ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன ஒரு வார்த்தையால் காளியண்ணன் கம்பி எண்ணப் போயிருப்பான். அதனால் அவனைப் பற்றி எழுதும்போது முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் பெயர் சூசைமுத்து. கோலசிலாங்கூருக்கு வடக்கே, தஞ்சோங் காராங் போகும் சாலையிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளியிருந்த சுங்கை கெலுவி தோட்டத்தில் பிட்டர் வேலை பார்த்தேன். ரப்பர் உருட்டும் மிஷின், லோரி, தண்ணீர் பம்பு, துரை வீட்டு விசிறி எல்லாம் என் பொறுப்பு. என் கை பட்டு ஓடாத மிஷின் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. 1952, அவசரகாலச் சட்டம் வந்து நான்காவது வருடம்.

காளியண்ணனுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். நாமக்கல் பக்கத்திலிருந்து அப்பனோடு கப்பலேறி வந்தபோது ஏழு வயது. ஒல்லியான ஆள், பேச்சு கம்மி. பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். துரை வீட்டு மாடுகளுக்குப் புல் அறுப்பது அவன் வேலை. எந்தப் புல் தின்றால் மாடு நன்றாகக் கறக்கும், எந்தப் புல் அறுத்த மூன்றாம் நாளே தலையெடுக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஜப்பான்காரன் காலத்தில் "ரெண்டே வாரம்தான், வேலை முடிஞ்சதும் திரும்பிரலாம்" என்று சொல்லி லோரியில் ஏற்றி அவனைச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வாரம் இரண்டரை வருடம் ஆனது. செத்துப்போயிருப்பான் என்று கூலி வீடுகள் வரிசையாக நின்ற எங்கள் லயமே சொன்னது. அவன் மனைவி நல்லம்மாள் மட்டும் நெற்றிப் பொட்டை அழிக்காமல் காத்திருந்தாள். எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் லோரிச் சத்தம் கேட்டால் போதும், நல்லம்மாள் ரப்பர்ப் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க ஓடிவருவாள். நாங்கள் கேலி செய்வோம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடத் தோன்றுகிறது.

அவசரகாலத்தில் எங்கள் லயங்களை ஒரே இடத்தில் சேர்த்துச் சுற்றிலும் கம்பிவேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் ஆளைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் காட்டுக்காரனுக்குக் கொண்டுபோகிறாய் என்பார்கள். காட்டுக்காரன் என்றால் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டு. பெட்ரோலுக்கும் அதே கெடுபிடி. பஸ்ஸைக் கொளுத்தவும் லோரியைக் கொளுத்தவும் அது அவர்களுக்கு வேண்டும் என்பதால் ஸ்டோரில் பூட்டி வைத்து, துரை பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஊற்றித் தருவார்கள்.

சாலையில் போனால் மரத்துக்குப் பின்னாலிருந்து சுடுகிறார்கள் என்று, சின்ன பிளேன் இறங்குவதற்குத் தோட்டத்திலேயே ஒரு திடல் வெட்டினார்கள். இந்த முனையில் என் பட்டறை. அரை மைல் தள்ளி அந்த முனையில் சதுப்புக் காடு. புல் வளர்ந்துவிட்டால் பிளேன் இறங்க முடியாது, அதற்குள் ஆள் படுத்துக் கிடந்தாலும் தெரியாது. அதற்காகவே சீமையிலிருந்து ஒரு புல்லுவண்டி வந்தது. முன்னால் உருளும் கத்திகள், பின்னால் உட்கார்ந்து ஓட்ட ஓர் இரும்பு ஆசனம், நடுவில் பச்சைப் பெட்ரோல் தொட்டி. தொட்டியின் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளை மூடி, ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே.

லோரி டிரைவர்கள் யாரும் அதில் ஏறச் சம்மதிக்கவில்லை. புல் வெட்டும் வண்டியை ஓட்டினால் கௌரவம் என்னாவது என்றார்கள். உண்மைக் காரணம் காட்டு முனை. அங்கே தனியாக உட்கார்ந்திருக்கும் முதுகைக் காட்டுக்குள்ளிருந்து யார் வேண்டுமானாலும் குறி பார்க்கலாம். "புல்லுன்னா என் வேலைதானுங்களே" என்று காளியண்ணன்தான் முன்னால் வந்தான். நான் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பிறந்ததிலிருந்தே அதில் உட்கார்ந்திருந்தவன் மாதிரி ஓட்டினான். எட்டு மாதம் வண்டி ஒரு தும்மல் கூடப் போடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் எல்லா மிஷினையும் கழுவித் துடைத்து மாலை போட்டார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன் என்றாலும் அன்றைக்குப் பொரிகடலை தின்ன முதல் ஆளாக நிற்பேன். நல்லம்மாள் சந்தனம் அரைத்துக் கொண்டுவந்து புல்லுவண்டிக்குத் தானே பொட்டு வைத்தாள். எங்கே வைப்பது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவள், பித்தளை மூடியைக் கண்டதும் சிரித்தாள். "இதுதான் நெத்தி" என்று அதன் நட்டநடுவே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அன்றோடு விடவுமில்லை. காட்டு முனைக்குப் போகிற மனுஷனுக்கு அம்மன் துணை வேண்டாமா என்று, தினமும் பால்வெட்டுக்குப் போகும் வழியில் பட்டறைக்கு வந்து ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவாள்.

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் வண்டி நின்றது. சரியாகக் காட்டு முனையில்.

காளியண்ணன் இறங்கி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். முக்கால் தொட்டி இருந்திருக்கிறது. ஓர் ஈர்க்குச்சியை விட்டும் பார்த்திருக்கிறான். மூடியைப் போட்டுவிட்டுக் கைப்பிடியைச் சுற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்ததும் மறுபடி நின்றது. அன்று மட்டும் ஐந்து தடவை. மறுநாளும் அப்படியே.

"என்னான்னே தெரியலைங்கண்ணே. அங்க போனா நிக்குது. பெட்ரோல் இருக்கான்னு பாத்தா கிளம்பிருது" என்றான்.

"பாத்தா கிளம்புதா? நீ என்னடா, கண்ணாலயே பெட்ரோல் ஊத்துறியா?" என்று சிரித்தேன்.

வண்டியைப் பட்டறைக்குள் தள்ளி வேலையை ஆரம்பித்தேன். பிளக்கைக் கழற்றிச் சுரண்டினேன். கார்புரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு துளையாக ஊதினேன். பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டினேன். தொட்டிக்குள் குப்பை இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, வாய் திறந்த தொட்டியோடு ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அருமையாக ஓடியது. மூடியைப் போட்டு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் காட்டு முனையில் நின்றது.

எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. மறுபடி பிரித்தேன், மறுபடி பூட்டினேன். பட்டறையில் ஓடுகிறது, திடலில் நிற்கிறது. நடுவில் இரண்டு நாள் நல்ல மழை. அந்த இரண்டு நாளும் வண்டி ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஆகா, சூடுதான் காரணம் என்று நான் குதித்தேன். ஈரக் கோணிச்சாக்கை எஞ்ஜினைச் சுற்றிக் கட்டி அனுப்பினேன். வெயிலடித்த அன்றே நின்றது. சாக்குத்தான் புகைந்தது.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் இட்ரிஸ், அந்த முனையில் ஏதோ குடியிருக்கிறது, மரத்தை வெட்டியது அதற்குப் பிடிக்கவில்லை என்று அடித்துச் சொன்னார். எங்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லையா, காளியண்ணனுக்கு அங்கே போனதும் பயத்தில் கால் நடுங்கி எதையோ மிதித்துவிடுகிறான் என்றார். நல்லம்மாள் சந்தனத்தைக் கூடுதலாக அரைத்தாள். வண்டி எத்தனைக்கெத்தனை நின்றதோ அத்தனைக்கத்தனை பொட்டும் தடித்தது. நேற்றுக் காய்ந்ததன் மேல் இன்றைக்கு ஒன்று, அதன் மேல் நாளைக்கு ஒன்று. நான் வண்டியில் துடைக்காத இடம் இல்லை, அதைத் தவிர. எண்ணெய்க் கையோடு அடுத்தவர் சாமியைத் தொடக்கூடாது என்று மூடியை ஓரத்தில் மட்டும் பிடித்துத் திருகுவேன். அதைப் பெரிய மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் இன்னொரு பேச்சு கிளம்பிவிட்டது. காவல் கோபுரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? ஒருவன் தினமும் வண்டியைக் காட்டோரமாக அதே இடத்தில் நிறுத்துகிறான். இறங்குகிறான். பெட்ரோல் தொட்டியைத் திறக்கிறான். குனிந்து ஏதோ செய்கிறான். மூடிவிட்டுப் போகிறான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. கோபுரத்தில் இருந்தவன் பார்த்ததைப் பார்த்தபடி மேலே சொல்லிவிட்டான்.

துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். தோட்டத் தமிழ் நன்றாகவே பேசுவார், மரியாதைதான் இருக்காது.

"பிட்டர், அந்த மிஷின்ல கோளாறு இருக்கா, இல்லையா?"

இரண்டு வாரமாகப் பிரித்துப் பூட்டிப் பிரித்துப் பூட்டி என் மானம் ஏற்கெனவே பாதி போயிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு பழுதும் இல்லைங்க. நானே முழுக்கப் பாத்துட்டேன்."

"நல்லது" என்றார் துரை. "மிஷின்ல பழுது இல்லைன்னா ஆள்ல பழுது."

நான் பட்டறைக்குத் திரும்பி வந்து ஸ்பேனரை எடுத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அவசரகாலச் சட்டத்தில் விசாரணை, வக்கீல் எல்லாம் கிடையாது. காட்டுக்காரனுக்கு உதவினான் என்று எழுதினால் போதும், வருடக்கணக்கில் உள்ளே வைக்கலாம், கப்பலேற்றி இந்தியாவுக்கும் அனுப்பிவிடலாம். அந்த நிமிடமே ஓடிப்போய், துரை, நான் சொன்னது வீம்புக்குச் சொன்னது என்று சொல்லியிருக்கலாம். பத்து எட்டு வைத்தேன். பிறகு திரும்பிவிட்டேன். என்னை நான் எத்தனையோ விஷயத்தில் மன்னித்திருக்கிறேன், அந்தத் திரும்பி நடந்த நடையை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோலசிலாங்கூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார், பின்னால் கம்பிவலை அடித்த லோரியோடு. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் துரை தமிழில் சொன்னார். பெட்ரோல் மூடியைக் கம்பியால் கட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள். எல்லார் முன்னாலும் காளியண்ணன் திடலை நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். மிஷினில் பழுது இல்லை என்று பிட்டரே சொல்லிவிட்டதால் அது நிற்கக் காரணம் இல்லை. நின்றால் அவன் நிறுத்தியதாக அர்த்தம். அப்படியே லோரியில் ஏற வேண்டியதுதான்.

பிட்டரே சொல்லிவிட்டதால் என்று கேட்டபோது காளியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் புரியாமல் பார்த்தான்.

"நாஞ் சத்தியமா நிறுத்தலைங்க. அதாத்தான் நிக்குது" என்று துரையிடம் சொன்னான். துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வேலையை விட்டுவிட்டு ஜனம் கூடியிருந்தது. முன்வரிசையில் நல்லம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வை லோரி மேலேயே இருந்தது. விடியற்காலையிலேயே வந்து, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, கையில் இருந்த சந்தனத்தையெல்லாம் அந்த மூடியில் அப்பிவிட்டுப் போயிருந்தாள். முத்திரை வைக்க வந்த கான்ஸ்டபிள் மலாய்க்காரப் பையன். பொட்டைப் பார்த்ததும் அவனும் கை கூசினான். அது கலையாதபடி கம்பியை ஓரமாகச் சுற்றிக் கட்டி, பக்கவாட்டில் அரக்கு உருக்கினான். அவனும் என்னைப் போலவே மரியாதை தெரிந்தவன்.

வண்டி கிளம்பியது. சோதனை வாசலைத் தாண்டி, திடலில் இறங்கி, நேர்கோடாகக் காட்டை நோக்கிப் போனது. நாங்கள் எல்லாரும் பின்னாலேயே நடந்தோம்; திடலோரமாகப் போன வேலிக்கு உள்ளே ஜனமும் கூடவே வந்தது. இயேசுவே, ஒரு நாளைக்கு ஓடவிடு, என் கர்வத்தை நீயே எடுத்துக்கொள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். காட்டு முனைக்கு இருபது கஜம் இருக்கும்போது எஞ்ஜின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

காளியண்ணன் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினான். கிளம்பவில்லை. மறுபடி சுற்றினான். பழக்கத்தில் கை மூடிக்குப் போனது. "தொடாதே!" என்று இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டார். கையை எடுத்துக்கொண்டான். நான் ஸ்பேனர் பையோடு முன்னால் போனேன். துரை என் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார்.

"நீதான் பழுது இல்லைன்னியே. நில்லு அங்கயே."

மூன்றாவது தடவை சுற்றினான். நாலாவது தடவை. வேர்வை முகத்தில் வழிந்தது. தூரத்தில் லோரியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. காளியண்ணன் நிமிர்ந்து லோரியைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், பிறகு அந்தப் பித்தளை மூடியைப் பார்த்தான். அந்த ஆள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தினமும் உனக்கு வச்சாளே. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அரைச்சு அரைச்சு வச்சாளே. உனக்குக் கண்ணு இல்லையா? உனக்கு எதுக்கு இந்தப் பொட்டு?"

சொல்லிக்கொண்டே கட்டைவிரலைக் கம்பிக்கு உள்பக்கமாக விட்டு, நகத்தால் சுரண்டி, பொட்டை வழித்துத் துடைத்துவிட்டான். வேலிப் பக்கமிருந்து நல்லம்மாள் போட்ட கூச்சல் திடல் முழுக்கக் கேட்டது.

அதே நேரத்தில் எனக்கு இன்னொன்றும் கேட்டது. தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். நீண்ட நேரம் தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்திருந்தவன் தலையைத் தூக்கிக் காற்றை இழுப்பது மாதிரி, உஸ்ஸென்று உள்ளே இழுத்தது.

எனக்கு மண்டையில் அடித்தது போல் விளங்கிவிட்டது. அந்த மூடியின் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் தொட்டி நிறைய இருந்தாலும் சொட்டுக் கூடக் கீழே வராது. கால் மணி நேரத்தில் மூச்சடைக்கும். பட்டறையிலிருந்து கிளம்பி, வாசலில் சோதனைக்கு நின்று, காட்டு முனைக்குப் போகக் கால் மணி, அங்கிருந்து ஒரு சுற்றுக்கும் கால் மணி. மூடியைத் திறந்தால் காற்றுப் போகும், ஓடும். பட்டறையில் நான் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே ஓட்டினேன். பொட்டு மேல் பொட்டு தடித்த நாலாம் நாள் துளை அடைத்திருக்கிறது, மழை பெய்தால் சந்தனம் கரைந்துவிடும். எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

"காளி! இப்பச் சுத்து! சுத்துடா!" என்று கத்தினேன்.

அவன் சுற்றினான். வண்டி கிளம்பியது. ஏறி உட்கார்ந்தவன் முத்திரை கலையாமல் நாலு சுற்றல்ல, ஆறு சுற்றுச் சுற்றினான். போதும் என்று துரை கை காட்டியதைக் கூட அவன் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு நான் குச்சியால் மண்ணில் தொட்டியையும் துளையையும் வரைந்து காட்டினேன். பிறகு ஈரக் களிமண்ணை எடுத்து அந்தத் துளையை அடைத்து ஓட்டிக் காட்டினோம். நின்றது. சுரண்டினோம், ஓடியது. இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். துரையும் சிரித்தார். ஒரு பொட்டைக் கைது பண்ணவா பெட்ரோல் செலவழித்து லோரி கொண்டுவந்தோம் என்று ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். லோரி காலியாகத் திரும்பியது. காளியண்ணன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான்.

"அண்ணே, அவகிட்ட சொல்லிராதீங்கண்ணே. அவ வச்சதாலதான் நின்னுச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. பிளக்குல கோளாறுன்னு சொல்லிருவோம்."

சரி என்றேன். எந்த விஷயத்தையும் வாயில் வைத்திருக்க முடியாத நான் அதை மட்டும் காப்பாற்றினேன். என் வார்த்தையால் உனக்கு வந்த வினை என்று அவனிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து நல்லம்மாள் அவனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று காளியண்ணன் சொன்னான். காலையில் பட்டறைப் பக்கமும் அவள் வரவில்லை. நாலு பேர் முன்னால் அம்மன் பொட்டை அழித்துவிட்டேனே, அதுவும் அந்த லோரி நிற்கும்போது, அவள் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று அவன் உருகினான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிளக்குக் கதையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தானாம். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாளாம்.

காளியண்ணன் அதற்கப்புறமும் அந்த வண்டியை ஐந்து வருடம் ஓட்டினான். பிளேன் வருவது நின்று, திடலில் கன்று நடும் வரைக்கும் அவன்தான் வெட்டினான். அந்த ஐந்து வருடத்தில் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் நான் என்றுதான் துரை நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் காரணம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது.

அன்றைக்கு நானும் அவனும் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தோம். நல்லம்மாள் சிரட்டையில் சந்தனத்தோடு வந்தாள். காளியண்ணன் இதற்காகவே ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தான். மூடி பித்தளை, சந்தனம் பட்டால் பச்சை பிடிக்கும் என்று துரை சொன்னார், வேறு இடத்தில் வை என்று சொல்வதாகத் திட்டம். "அது வந்து நல்லம்மா, துரை என்னா சொன்னார்னா..." என்று தொடங்கினான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. சிரட்டையைக் கீழே வைத்தாள். கழுத்துக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே இழுத்தாள். அதில் கோத்திருந்த ஊக்குகளில் சின்னதாக ஒன்றைக் கழற்றி விரித்தாள். மூடியின் மேல் குனிந்து, அந்தத் துளைக்குள் ஊசியை விட்டு மெதுவாகத் திருகி எடுத்தாள். வாயால் ஊதினாள். துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஊக்கை முந்தானையில் துடைத்து மறுபடி தாலியில் மாட்டிக்கொண்டாள். பிறகு சந்தனத்தை எடுத்து, தொட்டியின் முன்வயிற்றில், மூடிக்கு ஒரு சாண் கீழே, பொட்டு வைத்தாள்.

காளியண்ணன் பெட்ரோல் டின்னைக் கீழே வைத்தான்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? நானும் வேலிகிட்டத்தான நின்னேன். துடைச்சீங்க, ஓடுச்சு. எனக்குக் கண்ணு இல்லையா?" சந்தனம் அப்பிய கையை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கையாலயே உங்கள மறுபடியும் லோரில ஏத்தப் பாத்தேனே. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்ககிட்டப் பேசறது?"

ஆறு நாளாக அவள் தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவளோ தன் கையையே பார்க்க முடியாமல் இருந்திருக்கிறாள். காளியண்ணன் சிரட்டையிலிருந்து மிச்சச் சந்தனத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"நீ ஏத்தப் பாக்கல, தங்கச்சி. பழுது இல்லைன்னு துரைகிட்டச் சொன்னது நான்தான்."

"தெரியும்ணே" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க வண்டியைத் துண்டு துண்டாக் கழட்டிப் பாத்தீங்களே. அந்தப் பொட்டை மட்டும் ஏன் தொடல?"

"உங்க சாமியாச்சேன்னு..."

"துடைச்சிருக்கலாம்ல, அண்ணே. நான் மறுபடியும் வச்சிருப்பேன்."

குனிந்து கைப்பிடியை எடுத்து வண்டியைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே கிளம்பியது.